கனடாவில் "கொன்றுபோடுவேன்" என்று கத்தினால் என்ன நடக்கும்?

பேஸ்மன்ட் வாடகை, சீட்டுக் காசு, பார்க்கிங், பனி தள்ளுவது. ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ வாய்த்தகராறு கிளம்ப இந்த மாதிரிச் சில்லறை விஷயமே போதும். ஊரில் "உன்னைக் கொன்றுபோடுவன்", "காலை முறிச்சு விடுவன்" என்று கத்திவிட்டு, அடுத்த கிழமை அதே ஆளோடு தேத்தண்ணி குடிப்போம். இங்கே தேத்தண்ணிக்கு முன்னால் பொலிஸ் வந்துவிடும்.

கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 264.1 என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒருவரைக் கொல்வேன் அல்லது காயப்படுத்துவேன் என்று மிரட்டினால் 5 ஆண்டு வரை சிறை. வீட்டைக் கொளுத்துவேன், காரை உடைப்பேன், உன் நாயைக் கொல்வேன் என்றால் 2 ஆண்டு வரை. நேரில் சொன்னாலும் சரி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, இன்னொருவரிடம் சொல்லிவிட்டாலும் சரி, எல்லாம் ஒன்றுதான்.

"நான் சும்மா சொன்னேன், செய்கிற எண்ணமே இல்லை" என்பது பலரும் சொல்லும் பதில். அது எடுபடாது. செய்ய நினைத்தீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. மற்றவர் பயப்பட வேண்டும், அல்லது அதை உண்மையென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தில் சொன்னீர்களா என்றுதான் பார்க்கும். மிரட்டப்பட்டவர் காதுக்கு அந்தப் பேச்சு எட்டாவிட்டாலும் குற்றம் குற்றமே என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பகிடியாகப் பேசியது வேறு கதை. ஆனால் அது பகிடிதானா என்பதை அந்தச் சூழ்நிலையை வைத்து நீதிபதிதான் தீர்மானிப்பார்.

கையில் ஏதாவது இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆயுதம் என்றதும் துப்பாக்கியை மட்டும் நினைக்க வேண்டாம். பயமுறுத்துவதற்காகத் தூக்கிய எதுவும் சட்டப்படி ஆயுதம்தான்: சமையல் கத்தி, ஹொக்கி மட்டை, பனி அள்ளும் சவள். பொம்மைத் துப்பாக்கியும் கணக்கில் வரும். ஓங்கிக் காட்டி மிரட்டினாலே, அடி ஒன்றும் விழாவிட்டாலும், ஆயுதத்துடன் தாக்கிய குற்றம் பதிவாகலாம். அதற்கு 10 ஆண்டு வரை சிறை.

இந்த 10 என்ற எண்ணைக் கவனியுங்கள். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) உள்ள ஒருவர் அதிகபட்சம் 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானால், பி.ஆரை இழந்து நாடு கடத்தப்படும் நிலை வரலாம். நீதிபதி சிறைக்கே அனுப்பாமல் விட்டாலும், குடிவரவுச் சட்டம் பார்ப்பது அந்த அதிகபட்சத்தை. வெறும் வாய் மிரட்டல் என்றால், 6 மாதத்துக்கு மேல் சிறை கிடைத்தால்தான் பி.ஆர். காரருக்கு இந்தச் சிக்கல். ஸ்ருடன்ட் விசாவிலோ வேர்க் பெர்மிட்டிலோ இருப்பவருக்கு அந்த இடைவெளியும் கிடையாது. வாய் மிரட்டலுக்கு வந்த ஒரு தீர்ப்பே போதும்.

அதனால் "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்று யார் சொன்னாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள். நீதிமன்றம் 'டிஸ்சார்ஜ்' கொடுத்தால், அதாவது குற்றம் செய்தது உறுதியானாலும் தண்டிக்காமல் விடுவித்தால், அது குற்றத்தீர்ப்பாகக் கருதப்படாது. சமாதானமாக நடப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் 'பீஸ் பொண்ட்' மூலமும் சில வழக்குகள் முடிகின்றன. இந்த வழிகள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் அடுத்தது. பிணையில் விடும்போது, முறைப்பாடு செய்தவரோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். கணவன் மனைவி வழக்கென்றால் சொந்த வீட்டுக்கே போக முடியாமல் போகலாம். உடனே ஒரு பெரியப்பாவையோ மாமாவையோ அனுப்பிப் பேசித் தீர்க்கப் பார்ப்போம். மற்றவர் மூலம் தொடர்புகொள்வதும் தடைதான். அந்தப் பெரியப்பா போனதே புதுக் குற்றமாகிவிடும். காசு கொடுத்தோ பயமுறுத்தியோ சாட்சியை வாய் திறக்காமல் செய்ய முயன்றால், அது 10 ஆண்டு வரை போகும் இன்னொரு குற்றம். போதாததற்கு, வழக்கை வாபஸ் வாங்கும் அதிகாரம் முறைப்பாடு செய்தவரிடம் இல்லை. தொடர்வதா விடுவதா என்பது அரச வழக்கறிஞரின் முடிவு.

கைது செய்தால் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு, சட்டத்தரணியோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். நடந்ததை விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று பேச ஆரம்பிக்காதீர்கள். ஒன்ராறியோவில் எந்த நேரமும் தொலைபேசியில் இலவச சட்ட ஆலோசனை கிடைக்கும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீதிமன்றத்தில் அது உங்கள் அரசியலமைப்பு உரிமை.

மிரட்டப்பட்டது நீங்கள் என்றால், குரல் பதிவையோ மெசேஜையோ கோபத்தில் அழித்துவிடாதீர்கள். திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆள் வாசலில் நின்றால் 911. ஆபத்து உடனடியாக இல்லையென்றால் உங்கள் ஊர்ப் பொலிஸின் அவசரமற்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 911இல் ஆங்கிலம் வராவிட்டால் "Tamil" என்று மட்டும் சொன்னாலும் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைக்கப் பார்ப்பார்கள். இணைக்கும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.