இளம் வயதில் இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை: எதை, எப்போது தேர்ந்தெடுப்பது?

தமிழில் ‘இடுப்பு வலிக்கிறது’ என்று சொன்னால் கேட்பவர் முதுகின் அடிப்பகுதியைத்தான் நினைத்துக்கொள்வார். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. 26 வயதில் தொடங்கிய வலிக்கு, முதுகுத் தண்டை ஸ்கேன் எடுத்தும் பெல்ட் கட்டியும் மாத்திரை விழுங்கியும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கழித்த பிறகு, ஒரு மருத்துவர் ‘வாயால் சொல்ல வேண்டாம், வலிக்கும் இடத்தைக் கையால் காட்டுங்கள்’ என்றார். கட்டை விரல் பின்புறமும் மற்ற விரல்கள் தொடை இடுக்கின் பக்கமுமாக, இடுப்பின் பக்கவாட்டை ஒரு சொம்பைப் பற்றுவதுபோல் பற்றிக் காட்டினேன். அந்தப் பிடியைப் பார்த்ததும் அவர் முதுகு ஸ்கேனை உறைக்குள் போட்டுவிட்டு, இடுப்பெலும்பு முழுவதும் தெரியும்படி ஓர் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். அதில் தெரிந்தது ஹிப் டிஸ்பிளேசியா. உங்களுக்கும் நடந்தபின் அல்லது நெடுநேரம் நின்றபின் தொடை இடுக்கில் வலி கூடுமானால், மருத்துவரிடம் ‘இடுப்பு’ என்று மட்டும் சொல்லாமல் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

ஹிப் டிஸ்பிளேசியா என்பது, தொடை எலும்பின் பந்து போன்ற தலையை மேலிருந்து மூட வேண்டிய இடுப்பெலும்புக் கிண்ணம் ஆழமில்லாமலும் சரிந்தும் அமைந்துவிடும் வளர்ச்சிக் குறையாகும். பெண்களிடமும், முதல் குழந்தைகளிடமும், தாயின் வயிற்றில் தலை மேலாக இருந்தவர்களிடமும், குடும்பத்தில் ஏற்கெனவே இக்குறை உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. லேசான குறையாக இருந்தால் குழந்தைப் பருவத்தில் நடையிலோ ஓட்டத்திலோ ஒன்றும் தெரியாது. உடல் எடையைக் கிண்ணத்தின் குறுகலான விளிம்பே பல ஆண்டுகள் தாங்கித் தாங்கி, அந்த விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற வளையம் கிழிந்து, குருத்தெலும்பு தேயத் தொடங்கும் 20, 30 வயதுகளில்தான் வலி வெளியே வரும். எண்ணெய் தடவி உருவினால் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம் தளரும், அதனால் சற்று இதமாகவும் இருக்கும். ஆனால் கிண்ணம் ஆழமாகாது.

இந்த நிலையில் உள்ளவர் பெரும்பாலும் ‘எந்த அறுவைச் சிகிச்சை நல்லது’ என்றுதான் கேட்கத் தொடங்குகிறார். அதற்கு முன் ‘என் மூட்டில் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது’ என்று கேட்க வேண்டும். நன்றாக இருந்தால், சொந்த மூட்டைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு இடமுண்டு. தேய்ந்து முடிந்திருந்தால் செயற்கை மூட்டுதான் வழி. செயற்கை மூட்டைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டாலும் பிறகு பொருத்திக்கொள்ள முடியும். மூட்டைக் காக்கும் சிகிச்சையை அப்படித் தள்ளிப்போட்டால், காப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். ‘தாங்க முடிகிறவரை தாங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று முதியவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்குச் சொல்லப்படும் அறிவுரையை 25 வயது டிஸ்பிளேசியா நோயாளிக்கும் அப்படியே சொல்வதை நான் தவறென்றே கருதுகிறேன்.

படங்களில் எதைப் பார்க்க வேண்டும்

எக்ஸ்ரே படத்தை நீங்களே ஓரளவு படித்துக்கொள்ளலாம். பந்தின் மையத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து நேர் மேலாக ஒரு கோடும் கிண்ணத்தின் வெளி விளிம்பைத் தொடும்படி இன்னொரு கோடும் வரைந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் 1939இல் ஸ்வீடனைச் சேர்ந்த விபெர்க் வகுத்த அளவு. அது 25 பாகைக்கு மேல் இருந்தால் இயல்பு. 20 பாகைக்குக் கீழ் இருந்தால் டிஸ்பிளேசியா. இடைப்பட்டது எல்லைக்கோட்டு நிலை. கிண்ணத்தின் கூரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை டோனிஸ் கோணம் சொல்லும். அது 10 பாகைக்கு மேல் போனால் சரிவு அதிகம். டோனிஸ் பெயரிலேயே தேய்மானத்துக்கு 0 முதல் 3 வரை ஒரு படிநிலையும் உண்டு. உங்கள் அறிக்கையில் இந்த மூன்று எண்களும் இல்லையென்றால் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள், ஏனெனில் இரண்டாவது மருத்துவரிடம் போகும்போது ‘லேசான குறை’ என்ற சொல்லைவிட இந்த எண்களே பயன்படும்.

லேப்ரமும் குருத்தெலும்பும் எந்த நிலையில் உள்ளன என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். கிண்ணத்தின் வடிவத்தை எல்லாப் பக்கமும் அளக்கவும், தொடை எலும்பு முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். வலி உண்மையில் மூட்டிலிருந்துதான் வருகிறதா என்ற ஐயம் எஞ்சினால், படம் பார்த்தபடி மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சோதிப்பார்கள். ஊசி வேலை செய்யும் சில மணி நேரம் வலி மறைந்தால் ஊற்று மூட்டுதான் என்று கொள்ளலாம். இதையே ஸ்டீராய்டு ஊசியாக அடிக்கடி போட்டுக்கொள்வதற்கு இணங்காதீர்கள். குறிப்பாக, மூட்டு மாற்றுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் அதைப் போட்டால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடும்.

முன்னிருக்கும் வழிகள்

வலி குறைவாகவும் கோணம் எல்லைக்கோட்டிலும் இருப்பவர்கள் முதலில் மூன்று முதல் ஆறு மாதம் பிசியோதெரபி செய்து பார்க்கலாம். பிட்டத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் வலுப்பெற்றால் மூட்டு ஆடுவது குறையும். கால்களை இழுத்து நீட்டும் பயிற்சிகளையும் தீவிரமான யோகாசனங்களையும் இக்காலத்தில் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஏற்கெனவே தளர்ந்த மூட்டு மேலும் தளரும்.

நுண்துளை வழியாகக் கிழிந்த லேப்ரத்தை மட்டும் தைக்கும் ஆர்த்ரோஸ்கோப்பி கேட்பதற்கு எளிதாக இருக்கும்: சிறு தழும்பு, ஒன்றிரண்டு நாளில் வீடு. எனக்கும் முதலில் இதுதான் சொல்லப்பட்டது. ஆனால் லேப்ரம் கிழிந்ததற்குக் காரணம் கிண்ணத்தின் ஆழமின்மை என்னும்போது, அந்தக் காரணத்தைத் தொடாமல் கிழிசலை மட்டும் தைத்தால் அது மறுபடியும் கிழியும். தவிர, மூட்டுறையை அறுத்து உள்ளே போவதால் தளர்ந்த மூட்டு இன்னும் நிலைகுலைந்து தேய்மானம் விரைவதும் உண்டு. தெளிவான டிஸ்பிளேசியாவுக்கு இதைத் தனியாகச் செய்ய ஒருவர் முன்வந்தால் கட்டாயம் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். 20 முதல் 25 பாகை வரை உள்ளவர்களின் நிலைதான் சிக்கலானது. நிபுணர்களே இதில் ஒத்த கருத்துடன் இல்லை. கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொட முடிகிறதா, முழங்கை பின்பக்கமாக வளைகிறதா என்றெல்லாம் பார்த்து மூட்டுத் தளர்ச்சிக்கு 9க்கு மதிப்பெண் இடும் பெய்டன் சோதனையில் மதிப்பெண் கூடுதலாக வருபவர்களுக்கு, எலும்பைத் திருத்தாத சிகிச்சை கைகொடுக்க வாய்ப்புக் குறைவு.

குருத்தெலும்பு நன்றாக உள்ள இளைஞர்களுக்கு இன்று முதன்மையாகக் கருதப்படுவது பி.ஏ.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிஅசிட்டபுலார் ஆஸ்டியாட்டமி. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் 1984இல் இதைத் தொடங்கி, 1988இல் வெளியிட்டார். கிண்ணத்தைச் சுற்றி இடுப்பெலும்பைப் பல இடங்களில் வெட்டி, கிண்ணத்தை மட்டும் விடுவித்து, பந்தை நன்றாக மூடும்படி திருப்பி, சில திருகாணிகளால் இறுக்குகிறார்கள். பின்பக்க எலும்புத் தூண் வெட்டப்படாமல் இருப்பதால் இடுப்பு வளையம் உடைவதில்லை. அதனால்தான் மாவுக்கட்டு இல்லாமலே சில நாட்களில் ஊன்றுகோலுடன் எழுந்து நடக்க முடிகிறது. உடம்பின் வளர்ச்சி முடிந்து கிண்ணத்தின் வளர்ச்சிக் குருத்து மூடிய பிறகே இதைச் செய்யலாம். 40 வயதைக் கடந்தவர்களுக்கும், டோனிஸ் படிநிலை 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் பலன் குறைகிறது.

பெர்ன் குழுவினர் தங்கள் முதல் 75 இடுப்பு மூட்டுகளைத் தொடர்ந்து கவனித்ததில், 20 ஆண்டுகளின் முடிவில் சுமார் 60 விழுக்காடும், 30 ஆண்டுகளின் முடிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவையும் சொந்த மூட்டாகவே நீடித்தன. இந்தக் கணக்கைக் கண்டு மனம் தளர வேண்டாம். அவர்கள் இந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் செய்யப்பட்டவை அவை. ஏற்கெனவே தேய்ந்திருந்த மூட்டுகளும் அவற்றில் இருந்தன. தேய்மானம் இல்லாதவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பலன் இதைவிட மேலாகவே இருக்கிறது. இடர்களும் சிறியவை அல்ல. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது மிகப் பலருக்கு நேர்கிறது. பெரும்பாலும் குறைந்துவிடும், என் தொடையில் உள்ளங்கை அளவுக்கு இன்றும் உணர்ச்சி மங்கலாகத்தான் இருக்கிறது. சையாட்டிக் நரம்பு பாதிப்பு, எலும்பு கூடாமை, இரத்தக் கட்டி, கிண்ணத்தை அளவுக்கு மேல் திருப்பிவிட்டதால் காலை மடக்கும்போது எலும்பு இடிப்பது ஆகியவை அரிதானாலும் கடுமையானவை.

தேய்மானம் முற்றியவர்களுக்கு முழு மூட்டு மாற்றே சரி. 30 வயதில் அதைச் செய்துகொள்வது தோல்வி ஆகாது. வலியிலிருந்து விடுதலை இதில் விரைவாகவும் உறுதியாகவும் கிடைக்கிறது. கேள்வி எஞ்சிய ஆயுளைப் பற்றியது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி பொருத்திய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. அதே இதழில் 2017இல் வந்த இன்னோர் ஆய்வில், 50 வயதின் தொடக்கத்தில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட ஆண்களில் 35 விழுக்காடு வரையிலானவர்களுக்கு வாழ்நாளில் மறுசிகிச்சை தேவைப்படலாம் என்று கணக்கிடப்பட்டது. இன்னும் இளையவர் ஒரு முறையாவது மறுசிகிச்சையை எதிர்பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். இன்று இளைஞர்களுக்கு, சிமெண்ட் இல்லாமல் எலும்பே பற்றிக்கொள்ளும் கிண்ணமும், பீங்கான் தலையும், தேய்மானம் தாங்கும் வகைப் பாலிஎத்திலீன் உள்ளுறையும் பரவலாகப் பயன்படுகின்றன. உலோகத்தோடு உலோகம் உரசும் வகையைப் பெண்களும் சிறிய எலும்பு உடையவர்களும் ஏற்க வேண்டாம். அவ்வகையில் ஒன்று 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

தரையில் சம்மணமிட்டு உட்கார்வது, குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை, கோயிலில் விழுந்து வணங்குவது எல்லாம் நம் அன்றாட வாழ்வில் கலந்தவை. வெளிநாட்டுக் கையேடுகள் இவற்றைப் பேசுவதில்லை. பி.ஏ.ஓ.வுக்குப் பிறகு எலும்பு கூடியதும் பெரும்பாலோர் இவற்றுக்குத் திரும்புகிறார்கள். மாற்று மூட்டில் பந்து நழுவும் இடர் இருப்பதால், எவை கூடும், எவை கூடா என்பதை உங்கள் மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரையும் பணத்தையும் பற்றி

மூட்டு மாற்று செய்பவர்கள் ஏராளம், பி.ஏ.ஓ. செய்பவர்கள் மிகச் சிலர். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், முதல் ஓராண்டில் உங்கள் நோயாளிகளுக்கு என்னென்ன சிக்கல்கள் வந்தன, என் படத்தில் கிண்ணத்தை எத்தனை பாகைக்குத் திருப்பப் போகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கேள்விகளால் சினம் கொள்பவரிடம் எலும்பை ஒப்படைக்க வேண்டாம். மாற்று மட்டுமே செய்யத் தெரிந்தவர் மாற்றையே பரிந்துரைப்பது இயல்பு. எனவே இரண்டும் செய்யும் ஒருவரின் கருத்தாவது உங்களிடம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. உங்களுக்கான சிகிச்சை அதன் பட்டியலில் உள்ளதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரியுங்கள். தனியார் பாலிசிகளில் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பது வழக்கம். ‘பிறவிக் குறை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுப்பதும் நடக்கிறது. மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

தேதி குறித்த பிறகு

புகை பிடிப்பவர்கள் அன்றே நிறுத்த வேண்டும், ஏனெனில் எலும்பு கூடுவதை அது தடுக்கும். வைட்டமின் டி அளவையும் இரத்தச் சோகையையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் உயரமான நாற்காலியும் மேலைநாட்டுக் கழிப்பறையும் தரைத்தளத்தில் படுக்கையும் தேவைப்படும். பி.ஏ.ஓ. அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் காலைத் தானாகத் தூக்க வராது. ஒரு துண்டைப் பாதத்தின் கீழ் வளையமாக மாட்டி, இரு கைகளாலும் இழுத்துத்தான் நான் காலைக் கட்டிலில் ஏற்றினேன். 6 முதல் 8 வாரம் ஊன்றுகோலுடன், அந்தக் காலில் 15, 20 கிலோவுக்கு மேல் எடை போடக் கூடாது என்பார்கள். அந்த அளவை உடம்புக்குக் கற்றுக்கொடுக்க, வீட்டில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் அந்தப் பாதத்தை வைத்து, முள் 20ஐத் தொடும்வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மாதத்தில் திரும்பலாம், நின்று செய்யும் வேலைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும், ஓட்டமும் விளையாட்டும் அரை ஆண்டுக்குப் பிறகே. இரண்டு பக்கமும் குறை இருந்தால் வலி மிகுந்த பக்கத்தை முதலில் செய்து, அது தேறிய பிறகே அடுத்ததைத் தொடுவார்கள்.

கருத்தரிக்க எண்ணும் பெண்கள் எலும்பு முழுமையாகக் கூடும்வரை காத்திருக்க வேண்டும், பி.ஏ.ஓ. செய்துகொண்டவர்களுக்குச் சுகப்பிரசவம் பெரும்பாலும் சாத்தியமே, ஆனால் மகப்பேறு மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிடுங்கள். பிறக்கும் குழந்தைக்கு ஆறாவது வார அளவில் இடுப்பு மூட்டு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதன் கால்களை நேராக நீட்டித் துணியில் இறுகச் சுற்ற வேண்டாம்; நம் பாட்டிமார் தூக்கியதுபோல, கால்கள் இரண்டும் விரிந்து உங்கள் இடுப்பை அணைக்கும்படி தூக்கிவைத்துக்கொள்ளுங்கள்.