தேர் வருவதற்குள் தேங்காய் ஓடு பொறுக்கு: பள்ளி ரோபோ போட்டிக்கு விளையாட்டு உருவாக்குவது எப்படி?

ரோபோ போட்டி நடத்தலாம் என்றதும் பலர் முதலில் புள்ளி அட்டவணை போட உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு காட்சி வேண்டும், பேரனைப் பார்க்க வந்த பாட்டிக்கும் சட்டென்று புரிகிற காட்சி. 2006-இல் கோலாலம்பூரில் நடந்த ஏபியு ரோபோகான் என்ற ஆசிய பசிபிக் மாணவர் ரோபோ போட்டியில் வேலையே இரட்டைக் கோபுரம் கட்டுவதுதான். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

பினாங்கில் காட்சிக்கா பஞ்சம்? தைப்பூசத் தேர் வரும் சாலையில் சிதறிக் கிடக்கும் தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு நாலடி பிளைவுட் பலகை, நடுவில் கறுப்பு டேப் ஒட்டிய பாதை, அதன்மேல் தேங்காய் ஓடுகளுக்குப் பதில் பாதியாக வெட்டிய பழைய டென்னிஸ் பந்துத் துண்டுகள் 30. மோட்டார் வைத்த அட்டைப்பெட்டித் தேர் இரண்டரை நிமிடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஊர்ந்து வரும், ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற பள்ளி ரோபோ போட்டியின் ஆட்டத்துக்கும் அதே நேரம்தான். அதற்குள் இரண்டு அணிகளும் ஓடுகளை அகற்ற வேண்டும். தனியாகக் கடிகாரம் வேண்டாம்.

பந்தை ஏன் வெட்டச் சொல்கிறேன் என்றால், கவிழ்ந்து கிடக்கும் ஓட்டைத் தள்ளுவது சுலபம், தூக்குவது கஷ்டம். மல்லாந்து கிடப்பதோ முட்டினால் ஆடும், சில சமயம் சக்கரத்துக்கு அடியிலேயே புகுந்துகொள்ளும்.

அப்புறம் புள்ளி. பாதையை விட்டுத் தள்ளினால் 1, கூடையில் போட்டால் 3. முன்னால் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு வரும் ரோபோவும் பத்துப் புள்ளியாவது எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தடவை வரும் பள்ளி மறு வருஷம் எட்டிப் பார்க்காது. வெக்ஸ் வி5 என்ற ரோபோ போட்டியைப் போல முதல் 15 விநாடி ரோபோ தானாக ஓடட்டும், அதில் எடுக்கும் புள்ளியை நாம் இரட்டிப்பாக்கலாம்.

பலகை வாங்கும் முன் கேண்டீன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கையில் அடிக்கோலோடு நீங்களே ஆடிப் பாருங்கள். பிறகு பிள்ளைகளிடம் விடுங்கள். எங்கள் ஒத்திகையில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் ரோபோவைத் தேருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "சார், தேர் நின்னா நேரமும் நின்னுடும்ல?" என்றான். தேரைத் தொட்டால் 10 புள்ளி போகும் என்ற விதி அன்றைக்கு வந்ததுதான். ரோபோவின் அகலத்துக்கும் 30 சென்டிமீட்டர் என்று வரம்பு போடுங்கள், இல்லையென்றால் யாராவது துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

பந்து வெட்டும் வேலை மட்டும் பெரியவர்களுக்கு. கத்தி வழுக்கும்.