நிறையச் சாப்பிட்டும் தசை கூடவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதே இல்லை" என்று சொல்பவர்களின் வருத்தம் உண்மையானது. அவர்கள் வயிறு நிறையத்தான் உண்கிறார்கள். பலர் ஜிம்முக்கும் தவறாமல் போகிறார்கள். ஆனாலும் மாதங்கள் கழிந்த பிறகும் எடைப்பொறி பழைய எண்ணையே காட்டுகிறது. அல்லது எடை கூடினாலும், கூடியதெல்லாம் வயிற்றிலும் இடுப்பிலும் போய்ச் சேருகிறது. இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். எடையே கூடவில்லை என்றால் உணவின் அளவில் குறை இருக்கிறது. எடை கூடியும் தசை கூடவில்லை என்றால் பயிற்சியிலோ புரதத்திலோ உறக்கத்திலோ குறை இருக்கிறது. தம்முடையது எது என்று பிரித்துப் பார்க்காமலேயே, இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு.

"நிறைய" என்பது வயிறு சொல்லும் அளவு. எடையைத் தீர்மானிப்பதோ கலோரிக் கணக்கு. ஒரு கிராம் புரதத்திலும் ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஏறத்தாழ 4 கலோரி இருக்கிறது; ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. ஆகவே காய்கறியும் கீரையும் குவிந்த ஒரு பெரிய தட்டு, கொட்டை வகைகளும் எண்ணெயும் சேர்ந்த ஒரு சிறிய கிண்ணத்தைவிடக் குறைவான ஆற்றலையே தரக்கூடும். நினைவும் இந்தக் கணக்கில் நம்மை ஏமாற்றுகிறது. வயிறு முட்ட உண்ட விருந்து மனத்தில் நிற்கிறது. மறுநாள் பசியில்லை என்று தவிர்த்த காலை உணவும், வேலை மிகுதியால் பாதியில் எழுந்துவிட்ட மதிய உணவும் நிற்பதில்லை. பல ஆண்டுகள் நானும் என்னை நிறையச் சாப்பிடுபவன் என்றே நம்பியிருந்தேன். உண்பதையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டு வாரம் எழுதிவைத்த பிறகுதான், சில நாட்கள் தேவைக்கு மிகுதியாகவும் பல நாட்கள் தேவைக்குக் குறைவாகவும் உண்டு வந்தது தெரிந்தது. வாரக் கணக்காகக் கூட்டிப் பார்த்தபோது மிச்சம் என்று ஏதும் இல்லை.

கூடுதலாக உண்ணும்போது உடலும் சும்மா இருப்பதில்லை. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவினும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. உடல் பருமன் இல்லாத 16 பேருக்கு, அவரவர் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1000 கலோரி வீதம் எட்டு வாரங்கள் உணவு கொடுத்தார்கள். எல்லோருக்கும் மிகுதியின் அளவு ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குக் கொழுப்பு 0.36 கிலோ மட்டுமே கூடியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ கூடியது. இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம், உடற்பயிற்சி அல்லாத அன்றாட அசைவுகள்: எழுந்து நடப்பது, உட்கார்ந்த இடத்திலேயே காலை ஆட்டுவது, நிமிர்ந்து நிற்பது போன்றவை. உணவு மிகும்போது சிலருடைய உடல், அவர்கள் அறியாமலேயே இத்தகைய அசைவுகளைப் பெருக்கிவிடுகிறது. அந்த ஆய்வில் ஒருவர் இந்த வழியில் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 690 கலோரி கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள் பலர் "என் உடல் எல்லாவற்றையும் எரித்துவிடுகிறது" என்று சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து, எனக்கு ஒருபோதும் எடை கூடாது என்ற முடிவுக்கு வருவது தவறு. உங்கள் உடலுக்குத் தேவையான மிகுதி, மற்றவர்களுக்குத் தேவையானதைவிடப் பெரியது என்பதே அதன் பொருள்.

இதனால்தான் இணையத்தில் கிடைக்கும் கலோரிக் கணிப்பான்கள் காட்டும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. உண்மையான விடையை உங்கள் எடைப்பொறிதான் தரும். காலையில் கழிவறைக்குச் சென்றுவந்த பின், எதையும் உண்ணும் முன் எடை பாருங்கள். உப்பு, நீர், குடலில் இருக்கும் உணவு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல்கூட எடை ஏறி இறங்கும் என்பதால், ஒரு நாளின் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். ஏழு நாட்களின் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் சராசரி அசையவில்லை என்றால், நாளொன்றுக்கு 200 முதல் 300 கலோரி வரை கூட்டிவிட்டு மீண்டும் காத்திருங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 விழுக்காடு வரை கூடுவது நல்ல வேகம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது வாரத்துக்கு 150 முதல் 300 கிராம்.

இதைவிட வேகமாகக் கூட்ட வேண்டும் என்ற அவசரத்தில், கண்ணில் பட்ட பொரித்ததையும் இனிப்பையும் அள்ளி உண்பவர்கள் எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள். தசை வளரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு உணவு கொடுத்தாலும் அது கொழுப்பாகத்தான் சேரும், பிறகு அதைக் கரைக்க மாதங்கள் செலவாகும். மறுபுறம், உணவைத் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தில் எண்ணெய், கொட்டை வகைகள், முழுப்பால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, நார்ச்சத்து மிகுந்த உணவால் மட்டுமே மிகுதியை எட்ட முயல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலோரி நிறையும் முன்பே வயிறு நிறைந்துவிடுகிறது. பசி குறைந்தவர்கள் உணவின் ஒரு பகுதியைக் குடிக்கும் வடிவில் எடுத்துக்கொள்வது நல்லது: பாலில் பழமும் ஓட்ஸும் நிலக்கடலையும் அரைத்துக் குடித்தால் அது பெரும்பாலும் அடுத்த வேளைப் பசியைக் கெடுப்பதில்லை.

புரதத்தைப் பற்றி இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. முதலாவது, கலோரி மிகுதியாக இருந்தாலே போதும் என்ற எண்ணம். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் பிரேயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 25 பேரை எட்டு வாரங்கள் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, தேவைக்கு மேல் நாளுக்கு ஏறத்தாழ 950 கலோரி கொடுத்தார்கள். ஒரு குழுவின் உணவில் புரதத்தின் பங்கு 5 விழுக்காடு, இன்னொன்றில் 15, மற்றொன்றில் 25. கொழுப்பு மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் கூடியது. ஆனால் கொழுப்பு நீங்கிய உடல் எடை, புரதம் குறைந்த குழுவில் 0.7 கிலோ குறைந்தது. மற்ற இரண்டிலும் சுமார் 3 கிலோ கூடியது. அளவுக்கு மேல் உண்டுகொண்டிருக்கும்போதே கொழுப்பல்லாத உடல் எடை குறையக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. புரதம் மிகக் குறைந்த உணவே வயிற்றை நிரப்பினால் நடக்கக்கூடியது இதுதான்.

இரண்டாவது தவறு, புரதம் ஒன்றே தசையைக் கட்டிவிடும் என்று நம்பி அதை எல்லையின்றி ஏற்றுவது. 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் பகுப்பாய்வு ஒன்று, எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்துக்கு மேல் சராசரியாகக் கூடுதல் பயன் இல்லை என்று கண்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம். முட்டை, பால், மீன், இறைச்சி, பருப்பு வகைகள், சோயா ஆகியவற்றிலிருந்து இதை மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்துப் பெறலாம். பவுடர் ஒரு வசதியே தவிரக் கட்டாயம் அன்று. அளவுக்கு மீறிய புரதம் பசியையும் அடக்கிவிடுவதால், எடை கூடாமல் தவிப்பவருக்கு அது இரட்டை நட்டம். "வெயிட் கெய்னர்" என்று விற்கப்படும் டப்பாக்களை வாங்கும் முன் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். பலவற்றில் முதலிடம் பிடித்திருப்பது மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உணவு கட்டுமானப் பொருள் மட்டுமே. கட்டு என்ற ஆணையைத் தருவது பயிற்சி. தசை நார்கள் தாங்கும் இழுவிசைதான் அந்த ஆணை, அது காலப்போக்கில் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் தூக்கிய அதே டம்பெல்லை, அதே பத்து முறை, அதே மூன்று செட் (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) என்று இன்றும் தூக்கிக்கொண்டிருப்பவரின் உடலுக்குப் புதிதாகத் தசை சேர்க்கக் காரணமே இல்லை. இருக்கும் தசையே அந்த வேலைக்குப் போதும். ஜிம்மில் நான் காணும் தவறுகளில் மிகப் பரவலானது இதுதான், இதற்கான மருந்தும் மிக எளியது: ஒரு குறிப்பேடு. என்ன பயிற்சி, எவ்வளவு எடை, எத்தனை முறை என்று ஒவ்வொரு நாளும் எழுதி, அடுத்த நாள் ஒருமுறையாவது, ஒரு கிலோவாவது கூட்ட முயலுங்கள். எழுதாதவர்களால் தாம் முன்னேறுகிறோமா என்பதைச் சொல்லவே முடிவதில்லை.

முறைகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு செட்டையும் எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். கனமான எடையை ஆறு முறை தூக்கினாலும், இலகுவான எடையை இருபத்தைந்து முறை தூக்கினாலும், இனி ஒன்றிரண்டு முறைக்கு மேல் முடியாது என்ற நிலைவரை சென்றால் தசை வளர்ச்சி ஏறத்தாழ ஒத்திருக்கிறது. பத்து என்று எண்ணி முடித்தவுடன், இன்னும் எட்டு முறை தூக்கும் வலு இருக்கும்போதே எடையை வைத்துவிடுபவர்கள் வியர்க்கிறார்கள், வளர்வதில்லை. ஒவ்வொரு தசைக் குழுவுக்கும் வாரத்துக்குப் பத்து செட் அளவில், இரண்டு நாட்களாகப் பிரித்துச் செய்வது பலருக்குப் பொருந்தும். ஒரு பயிற்சி தூண்டும் புரத உருவாக்கம் ஓரிரு நாட்களில் தணிந்துவிடுவதால், மார்புக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள் என்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தொடுவது, அந்த ஒரு நாளில் போதிய செட்டுகள் சேராதபோது, தொடக்க நிலையில் இருப்பவருக்கு வீணான இடைவெளியைத் தருகிறது. கைகளையும் மார்பையும் மட்டும் பயிற்றுவித்துவிட்டு எடை கூடவில்லை என்று வருந்துவதும் பொருத்தமற்றது. உடலின் பெருந்தசைகள் தொடையிலும் புட்டத்திலும் முதுகிலும் இருக்கின்றன, அவற்றை ஸ்குவாட்டும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்டும் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) ரோவும் (எடையை உடலை நோக்கி இழுப்பது) இல்லாமல் எட்டுவது கடினம். செட்டுகளுக்கு இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுங்கள். மூச்சு வாங்க வேண்டும் என்பதற்காக அரை நிமிடத்தில் அடுத்த செட்டைத் தொடங்குபவர்கள் தசைக்கு வேலை கொடுப்பதை விட்டு நுரையீரலுக்கு வேலை கொடுக்கிறார்கள்.

நீண்ட ஓட்டமும் தினசரி விளையாட்டும் இதயத்துக்கு நல்லவை, விட்டுவிடத் தேவையில்லை. ஆனால் அவை செலவழிக்கும் கலோரியை உணவில் திரும்பச் சேர்க்காதவர்கள் தாம் உண்டாக்கிய மிகுதியைத் தாமே அழித்துவிடுகிறார்கள்.

உறக்கத்தைக் குறைத்துவிட்டு உணவையும் பயிற்சியையும் மட்டும் சரிசெய்ய முயல்பவர்கள் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுகிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த இளைஞர்களின் தசையில் புரத உருவாக்கம் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பெரியவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் தேவை. வளரிளம் பருவத்தினருக்கு அதைவிடக் கூடுதல். பயிற்சிக்குப் பின் மிகுதியாக மது அருந்துவதும் புரத உருவாக்கத்தைக் குறைக்கிறது என்பது அளந்து காட்டப்பட்ட ஒன்று.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மற்றவரோடு ஒப்பிட்டுச் சோர்ந்து, நான்காவது வாரத்தில் திட்டத்தை மாற்றுவது இன்னொரு தவறு. 585 பேர் பன்னிரண்டு வாரங்கள் ஒரே பயிற்சியைச் செய்த 2005-ஆம் ஆண்டின் ஆய்வில், ஒருவரின் புயத் தசை 59 விழுக்காடு பெருத்தது. வேறொருவருக்கு வளர்ச்சியே இல்லை. உங்கள் நண்பரின் மூன்று மாதம் உங்களுக்கு ஒன்பது மாதமாக இருக்கலாம். கிரியேட்டின் என்ற துணை உணவுப் பொடியை எடுத்துக்கொண்ட முதல் வாரத்தில் ஏறும் ஒரு கிலோவைத் தசை என்று எண்ணிவிடவும் வேண்டாம், அது பெரும்பாலும் நீர். நாளுக்கு 3 முதல் 5 கிராம் வரை தொடர்ந்து எடுத்தால், அது தரும் கூடுதல் வலுவின் வழியாகத் தசை வளர்ச்சி பிறகு வரும். எடையோடு தொடை, மார்பு, புயம், இடுப்பு ஆகியவற்றின் சுற்றளவையும் மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். தூக்கும் எடை கூடி, புயமும் தொடையும் பெருத்து, இடுப்பு பெரிதாக மாறாமல் இருந்தால், எடை மெதுவாக ஏறினாலும் திட்டம் வேலை செய்கிறது.

கடைசியாக, நோயைத் தவறு என்று எண்ணிக் காலம் கடத்துவது. முன்பு சீராக இருந்த எடை, நன்றாக உண்டும் காரணமின்றிக் குறைகிறது என்றால், அதிலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், உணவை இன்னும் கூட்டிப் பார்ப்பது தீர்வன்று. தைராய்டு மிகைச் சுரப்பில் பசி கூடியும் எடை குறையும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வெப்பத்தைத் தாங்க முடியாமை ஆகியவை உடன் வரும். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்தால் சர்க்கரை நோயைச் சோதிக்க வேண்டும். தொடர்ந்த வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் இருந்தால், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோய், குடல் அழற்சி, குடற்புழுக்கள் போன்றவை உண்ட உணவை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சலும் வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலும் காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியாளரை அல்ல, மருத்துவரைப் பாருங்கள். போகும்போது உணவையும் எடையையும் எழுதிவைத்த குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள், "நிறையத்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்வதைவிட அதிலுள்ள எண்கள் அவருக்கு விரைவாக வழிகாட்டும்.