புற்றுநோயாளரின் மன உளைச்சலையும் வாழ்வில் பிடிப்பிழத்தலையும் அளக்கும் முறை

புற்றுநோய் வார்டில் வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்டுக் குறிப்பது வழக்கமாகிவிட்டது. மனத்தின் நிலையையும் அதே அக்கறையோடு கேட்டுக் குறிக்க முடியும், குறிக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு ஒரே அளவுகோல் போதாது. அச்சமும் துயரமும் மிகுந்தவர் வேறு, "இனி எதற்காக இருக்க வேண்டும்?" என்று பிடிப்பை இழந்தவர் வேறு, இரு நிலைகளும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும் என்பதால், செவிலியரும் ஆலோசகரும் இரண்டையும் தனித்தனியே அளக்கப் பழக வேண்டும்.

கேள்வித்தாளை எடுப்பதற்கு முன், நோயாளிக்குத் தம் நோய் இன்னதென்று தெரியுமா என அறிந்துகொள்ளுங்கள். குடும்பத்தார் நோயின் பெயரை மறைத்துவைப்பது நம்மிடையே அரிதன்று, ஆகவே, "டாக்டர் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று தொடங்குவதே பாதுகாப்பானது. இயன்றவரை தனிமையில் கேளுங்கள், ஏனெனில் மகனோ மனைவியோ அருகில் இருந்தால் பலர் "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள். வாசிக்க இயலாதவருக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம், ஆனால் சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவத்தின் சொற்களை மாற்றாமலும், பதிலுக்கு அடியெடுத்துக் கொடுக்காமலும் வாசிக்க வேண்டும். ஆங்கிலத் தாளைப் பார்த்து அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்டால், கிடைக்கும் மதிப்பெண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.

முதல் சல்லடையாக 'டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர்' போதும். நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்டின் குழுவினர் 1998இல் வெளியிட்ட இந்த அளவியில், கடந்த ஒரு வாரத்தின் உளைச்சலை 0 முதல் 10 வரை நோயாளியே குறிக்கிறார். பொதுவாக 4 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பேச வேண்டும். கூடவே வரும் பிரச்சினைப் பட்டியலைத் தவிர்த்துவிடாதீர்கள். 7 என்று குறித்தவரின் உளைச்சல் மரண பயமாகவும் இருக்கலாம், பிள்ளையின் படிப்புச் செலவாகவும் இருக்கலாம்.

அடுத்ததாக, பதற்றத்தையும் மனச்சோர்வையும் பிரித்தறிய, 1983 முதல் வழக்கிலுள்ள 'ஹாட்ஸ்' (மருத்துவமனைப் பதற்ற, மனச்சோர்வு அளவுகோல்) உதவும். இரண்டுக்கும் ஏழேழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு பகுதியில் 8 முதல் 10 வரை எல்லைநிலை, 11 அல்லது அதற்கு மேல் தெளிவான எச்சரிக்கை. கீமோதெரபியால் வரும் பசியின்மையையும் உடல்தளர்ச்சியையும் மனச்சோர்வாக எண்ணிவிடாதபடி, உடற்குறிகள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருப்பதே இதன் சிறப்பு.

இவ்விரண்டிலும் பிடிபடாமல் போகக்கூடியது பிடிப்பிழத்தல். என் கருத்தில் வார்டுகளில் மிகவும் கவனிக்கப்படாததும் இதுவே. மனச்சோர்வுற்றவருக்கு இப்போதைய இன்பமே ருசிப்பதில்லை. பிடிப்பிழந்தவரோ பேரக்குழந்தையைக் கண்டு மனமாரச் சிரிப்பார், ஆனால் நாளையைப் பற்றிக் கேட்டால் அங்கே ஒன்றுமில்லை என்பார். இதை அளக்க மனநல மருத்துவர் டேவிட் கிஸேனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் 24 கேள்விகள் கொண்ட 'டிமாரலைசேஷன்' அளவுகோலை வகுத்தனர். 2016இல் அது 16 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. சுருங்கிய வடிவில் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 32. பாதிக் கேள்விகள் வாழ்வின் அர்த்தத்தையும் நோக்கத்தையும், மறுபாதி உளைச்சலையும் சமாளிக்கும் திறனையும் தொடுகின்றன. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் இரு பகுதிகளையும் பிரித்துப் பாருங்கள். ஆன்மிக நலனை அளக்கும் 'ஃபாசிட்-எஸ்பி' என்னும் 12 கேள்வி அளவுகோலையும் பயன்படுத்துவீர்களானால், அதில் எண் உயர்ந்தால் நிலை நல்லது என்பதை நினைவில் வையுங்கள். மற்றவற்றில் உயர்வு கேடு.

மதிப்பெண் உயர்ந்திருந்தால், தீராத வலியோ உறக்கமின்மையோ ஸ்டீராய்டு மருந்தோ காரணமா என்று முதலில் பாருங்கள். நினைவு குழம்பியிருப்பவரிடம் அளப்பதை ஒத்திவையுங்கள். சாக விரும்புவதாக ஒருவர் சொன்னால், எண் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும், தயங்காமல் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்டு, அவரைத் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். மற்றவர்களுக்கு, சிகிச்சை முடியும்போதும் நோய் திரும்பும்போதும் மறுபடி அளந்து, தேதியோடும் அன்றைய வலி எண்ணோடும் ஒரே தாளில் குறித்துவாருங்கள்.