புதிய ரயில் நிலையத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி? படிப்படியான விளக்கம்

நிலையத்துக்கு இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஊருக்கு வெளியே கிடக்கும் மலிவான நிலம்தான். கையகப்படுத்துவது சுலபம், எதிர்ப்பும் குறைவு. ஆனால் அங்கே கட்டிவிட்டால், அந்த நிலையம் இருக்கும் காலமெல்லாம் பயணிகள் வண்டி எடுத்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும். நிலத்தில் மிச்சம் பிடித்த பணத்தை மக்கள் எரிபொருளாகவும் நேரமாகவும் அன்றாடம் கட்டுவார்கள். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்க ஒரு தெரு வரைபடமும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: புதிய நிலையம் தேவைதானா?

பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருந்தால் அதன் மறுபக்கத்தில் இன்னொரு வாசல் திறக்க முடியுமா என்று பாருங்கள். மூடிக்கிடக்கும் பழைய நிலையத்துக்கு உயிர் கொடுக்க முடியுமா என்பதையும் பாருங்கள். சிமெண்டும் இரும்பும் செலவாகாத தீர்வை விடச் சூழலுக்கு உகந்தது வேறில்லை.

படி 2: தண்டவாளம் எங்கே இடம் கொடுக்கிறது?

24 மீட்டர் நீளமுள்ள 16 பெட்டிகள் நிற்க 384 மீட்டர் நடைமேடை வேண்டும். அந்த நீளம் முழுவதும் பாதை நேராகவும் கிட்டத்தட்டச் சமதளமாகவும் இருக்க வேண்டும். வளைவில் நடைமேடை அமைந்தால் பெட்டிக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி விழும். லண்டன் பேங்க் நிலையத்தின் சென்ட்ரல் லைன் நடைமேடைகளில் இன்றும் அந்தத் தொல்லை உண்டு. சரிவில் நிறுத்தினால் பெட்டிகள் உருளும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும் மூன்று நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நடந்து வரக்கூடியவர்களை எண்ணுங்கள்

என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்க வேண்டும்.

பத்து நிமிட நடை என்பது ஏறக்குறைய 800 மீட்டர். நிலையத்தை மையமாக வைத்து அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 200 ஹெக்டேர் வரும். பல அறிக்கைகள் இந்த வட்டத்துக்குள் வசிப்பவர்களை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் மனிதர்கள் பறந்து வருவதில்லை. கட்டம் கட்டமாகத் தெருக்கள் அமைந்த ஊரில்கூட, தெரு வழியே 800 மீட்டரில் எட்டக்கூடிய பரப்பு 128 ஹெக்டேர்தான். ஆறு, நெடுஞ்சாலை, நீண்ட மதில் ஏதேனும் குறுக்கிட்டால் அது மேலும் சுருங்கும்.

ரயில் பாதையே பெரிய தடுப்புச் சுவர் என்பதை மறந்துவிடாதீர்கள். நிலைய வாசலுக்கு நேர் எதிரே, பாதைக்கு அப்பால் 100 மீட்டரில் ஒரு வீடு இருக்கிறது. பாதையைக் கடக்கும் வழியோ 600 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்காரர் 600 மீட்டர் போய், கடந்து, திரும்ப 600 மீட்டர் வர வேண்டும்: மொத்தம் 1,300 மீட்டர். வாசலருகே ஒரு சுரங்கப்பாதை அமைத்தால் அதே வீடு ஒன்றரை நிமிட நடையில் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வரைபடம் போடுங்கள்: ஒரு பக்க வாசலோடு ஒன்று, இரு பக்க வாசலோடு ஒன்று. சில இடங்களில் வித்தியாசம் மலைக்க வைக்கும்.

வீடுகளோடு வேலையிடங்கள், பள்ளிகள், மருத்துவமனைகளையும் எண்ணுங்கள். பிறகு அந்த வழிகளில் நீங்களே நடந்து பாருங்கள், இருட்டிய பின்னும் ஒருமுறை. தெருவிளக்கு இல்லாத 400 மீட்டர், வரைபடத்தில் மட்டுமே 400 மீட்டர். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படிக்கட்டு ஒன்றே போதும், வழி முழுவதும் அடைபட்டுவிடும்.

சைக்கிளுக்கும் இதே போல வரையுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர் வரலாம். பரப்பு ஏறக்குறைய பத்து மடங்காகிறது.

படி 4: மற்ற பாதைகளோடு சேர்கிறதா?

பிரான்சில் அதிவேக ரயிலுக்காக 1994இல் ஓத்-பிகார்டி நிலையம் திறக்கப்பட்டது. அமியான், சான்-கன்தான் ஆகிய இரு நகரங்களுக்கும் நடுவே, வயல்வெளியில் அமைந்த நிலையம் அது. வழக்கமான ரயில் பாதை எதுவும் அங்கே வந்து சேரவில்லை. ‘பீட்ரூட் நிலையம்’ என்று மக்கள் பெயரிட்டுவிட்டார்கள். ஜப்பானில் 1964இல் திறக்கப்பட்ட ஷின்-யோகோஹாமா நிலையத்தைச் சுற்றியும் அன்று வயல்கள்தாம். ஆனால் அதிவேகப் பாதை பழைய யோகோஹாமா பாதையை வெட்டும் இடத்தில் அதை வைத்தார்கள். 1985இல் சுரங்க ரயிலும் வந்து சேர்ந்தது; இன்று அது பரபரப்பான வணிகப் பகுதி. அருகில் பெருநகரம் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் இணைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

படி 5: ரயிலில் ஏற்கெனவே இருப்பவர்களின் நேரம்

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நின்று, மீண்டும் வேகமெடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் இழக்கும். நிற்கும் நேரம் ஒரு நிமிடம். ஆக, ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம். ரயிலில் 1,000 பேர் இருந்தால் 2,000 நிமிடம் போகிறது. இங்கே ஏறுபவர்கள் 50 பேர் என்றால், ஆளுக்கு 40 நிமிடம் மிச்சமானால்தான் கணக்கு நேராகும். எல்லா ரயில்களும் நிற்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்தே புரியும்.

படி 6: நிலத்தின் குணம்

‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் வெள்ளம் என்று பொருளல்ல. எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு உண்டு. 60 ஆண்டுகளில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம். வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மண்ணைக் கொட்டி மேடாக்கலாம் என்பார்கள். அந்தத் தண்ணீர் பக்கத்துக் குடியிருப்புக்குள் புகும். பயன்பாடற்ற சரக்கு முனையம், கைவிடப்பட்ட தொழிற்சாலை மனை கிடைத்தால் நல்லது. மண்ணில் நச்சு இருக்கிறதா என்று மட்டும் சோதிக்க வேண்டும். யாருடைய வீடும் பிழைப்பும் போகும் என்பதைக் கடைசிப் பக்க அடிக்குறிப்பாக ஆக்காதீர்கள்.

படி 7: வாசலருகே என்ன வரும்?

ஒரு கார் நிற்க, திரும்பும் வழியோடு சேர்த்து, சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். 400 கார் என்றால் ஒரு ஹெக்டேர், அதுவும் வாசலை ஒட்டிய விலைமதிப்புள்ள நிலம். அங்கே பேருந்து நிறுத்தம், சைக்கிள் நிறுத்துமிடம், வீடுகள் வரட்டும். கார்கள் சற்றுத் தள்ளி நிற்கட்டும். கோபன்ஹேகன் 1947இல் தீட்டிய ‘விரல் திட்டம்’ ரயில் பாதைகளை ஒட்டியே நகரை வளர்த்து, இடையிலுள்ள பசுமைப் பரப்பைக் காக்க முனைந்தது. நிலையம் அறிவிக்கப்பட்டதும் நில விலையும் வாடகையும் ஏறும். எளியவர்களுக்கான குடியிருப்பு இடத்தை அறிவிப்புக்கு முன்பே சட்டப்படி ஒதுக்கிவிட வேண்டும்.

படி 8: முடிவெடுப்பது

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெள்ளத்தில் மூழ்கும் இடம் மலிவு என்பதற்காக மதிப்பெண் பெற்று முன்னுக்கு வந்துவிடும். படி 2, படி 6 இரண்டில் ஏதேனும் ஒன்றில் தோற்ற இடங்களையும் முதலில் நீக்குங்கள். மிஞ்சியவற்றைப் படி 3இன் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள். முதல் இரண்டு இடங்களின் வரைபடங்களையும் அந்தப் பகுதி மக்கள் முன் வையுங்கள், ஒன்றைத் தீர்மானிப்பதற்கு முன்பே. மழைநீர் எங்கே தேங்கும், பிள்ளைகள் எந்தக் குறுக்குவழியில் பள்ளிக்குப் போகிறார்கள் என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, படி 3இன் வரைபடத்தை ஒருமுறை திருத்திப் போடுங்கள்.