லைவ் ராக்ல ஒட்டிக்கிட்டு வந்த உயிர் எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

புதுசா லைவ் ராக் (கடல் உயிருங்க ஒட்டியிருக்கிற கல்லு) வாங்கி ரீஃப் டேங்க்ல (பவளம் வளக்குற கடல் தண்ணி தொட்டி) வச்சவங்க எல்லாருக்கும் இது நடக்கும். லைட் ஆஃப் ஆகி ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சு பாத்தா கல்லு இடுக்குல ஏதோ நெளியும், இல்லன்னா கண்ணாடில புள்ளி புள்ளியா ஏதாவது ஓடும், எதுவுமே நாம காசு குடுத்து வாங்கினது இல்ல. உடனே பயந்துபோய் மொத்த கல்லையும் எடுத்து வெந்நீர்ல போட்டுடலாமான்னு யோசிப்பாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன். இப்படி ஒட்டிக்கிட்டு வர்றதுல முக்கால்வாசி டேங்குக்கு நல்லது பண்ற உயிருங்கதான், மீனு விட்டு வச்ச தீனி, செத்துப்போனது, அழுக்கு எல்லாத்தையும் தின்னு தண்ணிய சுத்தமா வச்சிருக்கும். கெட்டது கொஞ்சம்தான், அந்த கொஞ்சத்தை சரியா கண்டுபிடிச்சு எடுக்கணும், மத்ததை நிம்மதியா வாழ விடணும்.

உருவத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. எங்க உக்காந்திருக்கு, எப்ப வெளிய வருது, எதை திங்குது, இந்த மூணையும் ரெண்டு மூணு ராத்திரி உக்காந்து பாருங்க. டார்ச் மேல செவப்பு கண்ணாடி பேப்பர சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கோங்க, நெறைய கடல் உயிருக்கு செவப்பு வெளிச்சம் சரியா தெரியாது, அதனால ஓடி ஒளியாம அது பாட்டுக்கு வேலைய பாக்கும். ஒரு சின்ன துண்டு இறால் கறிய கல்லு இடுக்குகிட்ட வச்சிட்டு காத்திருந்தீங்கன்னா யார் யாரெல்லாம் குடியிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். போட்டோ எடுக்கும்போது பவர்ஹெட்ட (தண்ணிய ஓட வைக்கிற பம்ப்) நிறுத்திட்டு, மொபைல கண்ணாடில நேரா ஒட்டி வச்சு எடுங்க, சாய்ச்சு எடுத்தா மங்கலாத்தான் வரும். பக்கத்துல ஒரு ப்ராக் பிளக் (ப்ராக்னா கோரலோட, அதாவது பவளத்தோட, சின்ன துண்டு, அதை ஒட்டி வைக்கிற அடிதான் பிளக்) மாதிரி அளவு தெரிஞ்ச பொருள் ஏதாவது வர்ற மாதிரி எடுத்தா சைஸும் புரியும்.

முதல்ல புழு, ஏன்னா ரொம்ப பேர் அநியாயமா கொல்றது இதைத்தான். சாதாரண பிரிசில் வார்ம் ரோஸ் கலந்த பழுப்புல இல்லன்னா சாம்பல் கலர்ல இருக்கும், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கணுவுக்கும் வெள்ளை முடி கத்தை இருக்கும், வெளிச்சம் பட்டா மெதுவா உள்ள போயிடும். இது கோரல திங்காது, செத்துக்கிட்டிருக்கிற கோரல் மேல இதை பாத்துட்டு இதுதான் கொன்னுச்சுன்னு நெனைக்கிறாங்க, உண்மையில செத்த சதைய சுத்தம் பண்ண வந்ததுதான் அது. இதுங்க ரொம்ப பெருகிடுச்சுன்னா தீனி ஜாஸ்தியா போடுறீங்கன்னு அர்த்தம், தீனிய கொறைச்சா தானா கொறையும். கையால மட்டும் தொடாதீங்க, அந்த முடி தோல்ல குத்தி எரியும், குத்திடுச்சுன்னா தேய்க்காம செல்லோ டேப்ப ஒட்டி உரிச்சா வந்துடும், அப்புறம் வினிகர் தடவலாம்.

கோரல திங்கிற பயர் வார்ம் வேற, அதோட பேரு ஹெர்மோடிஸ். தடிமனா இருக்கும், வெள்ளை முடிக்கு அடியில ஆரஞ்சு இல்ல செவப்பு கலர்ல செவுள் கொத்து கொத்தா தெரியும், தலை மேல மடிப்பு மடிப்பா ஒரு சதைத் திட்டு இருக்கும். இது வந்துடுச்சுன்னா விடாம பிடிச்சு எடுங்க.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய புழு யூனிசிட் வகை. ராத்திரி செவப்பு வெளிச்சத்துல ஓட்டைய பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா முதல்ல தலை மட்டும் ஒரு விரல்கடை அளவுக்கு வெளிய வரும், நிதானமா இடமும் வலமும் தடவி பாக்கும், அந்த தலைல உணர் கொம்பு எத்தனைன்னு எண்ணுங்க. அஞ்சு இருந்தா யூனிசிட். உடம்பு வழவழன்னு இருக்கும், டார்ச்ச கொஞ்சம் திருப்பினா வானவில் மாதிரி மினுங்கும், பக்கவாட்டுல முடி அவ்வளவா தெரியாது, லேசா ஒரு அசைவு பட்டா போதும் கண்ணு சிமிட்டுறதுக்குள்ள உள்ள போயிடும். அந்த வேகமே ஒரு அடையாளம்தான், பிரிசில் வார்முக்கு அவ்வளவு வேகம் கிடையாது. இதுல சின்ன வகைங்க பாசி, தீனி மிச்சம்னு தின்னுக்கிட்டு பிரச்சனை இல்லாம இருக்கும், ஆனா ஜோவாந்தஸ் (குட்டி பூ மாதிரி கூட்டமா வளர்ற, பவளத்துக்கு உறவான உயிர்) தலை வெட்டின மாதிரி காணாம போகுது, சாஃப்ட் கோரல் அடியோட அறுந்து கிடக்குதுன்னா சந்தேகம் இது மேலதான். இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் நியூகீ ஊர்ல இருக்கிற புளூ ரீஃப் அக்வேரியத்துல 2009ல இதான் நடந்துச்சு. கோரல் எல்லாம் பாதி பாதியா அறுந்து கிடந்தத பாத்து கடைசில மொத்த கல்லையும் பிரிச்சாங்க, உள்ள சுமார் 4 அடி நீள புழு, அதுக்கு பாரின்னு பேரும் வச்சாங்க. இந்த மாதிரி புழுவ வெளிய இருந்து இழுத்தா அறுந்துடும், பாதி உள்ளயே தங்கிடும். அது இருக்கிற கல்ல மட்டும் அடையாளம் பாத்து தனி பக்கெட்டுக்கு மாத்திடுறதுதான் நல்லது.

அடுத்து ஐப்டேசியா, இது ஒரு அனிமோன், அதாவது பூ மாதிரி கை விரிக்கிற கடல் உயிர். பழுப்பு கலர், கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி ஊடுருவி தெரியும், நீளமான மெல்லிசான கை, நுனி கூர்மையா இருக்கும், தொட்டா சட்டுனு ஓட்டைக்குள்ள சுருங்கிடும். மஜானோன்னு இன்னொண்ணு, கை குட்டையா நுனி உருண்டையா பச்சை கலர்ல அழகா இருக்கும், அட குட்டி பபுள் டிப் அனிமோன் வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டு விட்டு வச்சீங்கன்னா கல்லு முழுக்க பரவிடும். ரெண்டையும் பிச்சு எடுக்கிறதோ நசுக்குறதோ வேண்டவே வேண்டாம், ஐப்டேசியாவோட அடிப்பாகத்துல சின்ன துணுக்கு ஒண்ணு கல்லுல மிச்சம் இருந்தாலே அதுலருந்து புதுசா ஒண்ணு முளைக்கும். பம்ப்ப நிறுத்திட்டு கால்க் பொடிய (கால்சியம் ஹைட்ராக்சைடு) கெட்டியா குழைச்சு சிரிஞ்சுல எடுத்து அது வாய் மேல மெதுவா மூடுங்க, அது சுருங்குறதுக்கு முன்னாடியே போயிடணும். ஒரே நாள்ல நெறைய போட்டா தண்ணியோட பிஎச் ஏறிடும், கொஞ்சம் கொஞ்சமா பண்ணுங்க. நெறைய இருந்தா பெர்கியான்னு ஒரு குட்டி நியூடிபிராங்க் (ஓடு இல்லாத கடல் நத்தை) இருக்கு, ஐப்டேசியாவ தவிர வேற எதையும் திங்காது, அது தீர்ந்துச்சுன்னா பட்டினில செத்துடும், அதனால வேலை முடிஞ்சதும் தேவைப்படுற வேற யாருக்காவது குடுத்துடுங்க. பெப்பர்மின்ட் இறாலும் திங்கும், ஆனா கடைல அந்த பேர்ல கேமல் இறால குடுத்துடுவாங்க, கண்ணு பெருசா, முதுகு கூனா, செவப்பு உடம்புல வெள்ளைக் கோடும் புள்ளியுமா இருந்தா அது கேமல், அது கோரலயே கொத்தி தின்னுடும்.

நண்டுக்கு முகத்தை விட கொடுக்கு முக்கியம். கொடுக்கு நுனி தட்டையா கரண்டி மாதிரி குழிவா இருந்தா அது பாசி சுரண்டுற வகை, பச்சை எமரால்டு நண்டு இப்படித்தான். நுனி கூரா, கறுப்பா, உடம்பு பூரா முடியா இருந்தா பெரும்பாலும் கறி திங்கிற வகை, சின்னதா இருக்கும்போதே எடுத்து சம்ப்ல (டேங்கோட தனி ஃபில்டர் தொட்டி) போட்டுடுங்க. ஒரே ஒரு நண்டுக்காக நான் எல்லார்கிட்டயும் வாதாடுவேன், அது டிரபீசியா. போசிலோபோரா கோரல் கிளைக்கு நடுவுல வழுவழுன்னு பளபளப்பா ஒளிஞ்சிருக்கும், அந்த கோரல்தான் அதுக்கு வீடு. கடல்ல முள்கிரீட நட்சத்திரமீன் கோரல திங்க வந்தா இந்த குட்டி நண்டு அதோட குழாய்க்கால்ல கடிச்சு விரட்டும், விஞ்ஞானிங்க இதை பதிவு பண்ணிருக்காங்க. தன் வீட்ட இப்படி காப்பாத்துற உயிர, கோரல்ல நண்டு இருக்குன்னு பயந்து பிடிச்சு வெளிய போடுறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கும்.

ராத்திரி டேங்க்ல டக் டக்னு சத்தம் கேட்டா ரெண்டுல ஒண்ணு. பிஸ்டல் இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் இன்னொன்ன விட ரொம்ப பெருசா இருக்கும், இது பயப்பட வேண்டியது இல்ல, மண்ணுல குழி தோண்டிக்கிட்டு இருக்கும். மேன்டிஸ் இறாலுக்கு கண்ணு தண்டு மேல நின்னுக்கிட்டு ரெண்டும் தனித்தனியா சுழலும், முன்கால மடிச்சு வச்சிருக்கும், ஓட்டை வாசல்ல உடைஞ்ச நத்தை ஓடு குவிஞ்சு கிடக்கும். நத்தையும் நண்டும் ஒவ்வொண்ணா காணாம போறது இதனாலதான். பிளாஸ்டிக் பாட்டிலோட கழுத்த வெட்டி தலைகீழா உள்ள சொருகி, அடியில இறால் துண்டு போட்டு அந்த ஓட்டைகிட்ட ராத்திரி வச்சிடுங்க. கையால பிடிக்க வேணாம், விரல உடைக்கிற அளவுக்கு அடிக்கும். கல்லு எதுன்னு தெரிஞ்சா அதை வெளிய எடுத்து ஓட்டைக்குள்ள சோடா தண்ணிய சிரிஞ்சுல பீச்சினா தானா வெளிய குதிக்கும், நண்டுக்கும் இதே வழிதான். அது வெளிய வந்ததும் கல்ல டேங்க் தண்ணில அலசிட்டு உள்ள வைங்க.

கண்ணாடில ஓடுற பொடிப் பொடி புள்ளிங்க கோப்பிபாட், இருக்கட்டும், மாண்டரின் மீனுக்கு சாப்பாடே அதுதான். பக்கவாட்டுல அமுங்கி வளைஞ்சு நீந்துறது ஆம்பிபாட், அதுவும் நல்லது. ஆனா மேலிருந்து கீழ அமுங்கி தட்டையா, தலை நெறைய பெரிய கண்ணா, மீனு மேல ஒட்டிக்கிட்டிருந்தா சிரோலானிட் ஐசோபாட், ரத்தம் குடிக்கிறது, அதை மட்டும் விடாதீங்க.

நத்தைல ஒரு குழப்பம் வரும். கொலோனிஸ்டா குட்டி உருண்டையா இருக்கும், பாசி திங்கும். பிரமிடெல்லிட் அரிசி மணி மாதிரி வெள்ளையா நீட்டமா கூம்பா இருக்கும், டர்போ நத்தையோட ஓட்டு விளிம்புலயும் மஸ்ஸல், கிளாம் ஓரத்துலயும் உக்காந்து உறிஞ்சும், பிரஷ்ஷால தட்டி எடுங்க. உடம்ப விட ஓடு சின்னதா, ஓட்டமா போறது ஸ்டோமடெல்லா, அது கெடச்சா நல்லது. கல்லுல குழாய் மாதிரி ஒட்டிக்கிட்டு சிலந்தி வலை போல சளி இழை விடுறது வெர்மெடிட், பக்கத்து கோரல் பாலிப்ஸ் (கோரல்ல பூ மாதிரி விரியிற குட்டி உயிருங்க) சரியா விரியாம போகும், குழாய ஒடிச்சு வாய்ல சூப்பர் க்ளூ ஜெல் வச்சு அடைச்சிடுங்க. குட்டி பிரிட்டில் ஸ்டார் (மெல்லிசான கை இருக்கிற நட்சத்திரம்), ஃபெதர் டஸ்டர் (விசிறி மாதிரி விரியிற குழாய்ப்புழு), வெள்ளை குட்டி சைகன் ஸ்பாஞ்ச் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அஸ்டெரினா நட்சத்திரம் பெரும்பாலும் கண்ணாடி அழுக்கதான் திங்கும், ஆனா ஜோவாந்தஸ் மேலயே திரும்ப திரும்ப உக்காந்திருந்தா எடுத்துடுங்க.

தட்டைப்புழு விஷயத்துல கொஞ்சம் நிதானம் வேணும். துருப்பிடிச்ச செவப்புல, வால் பக்கம் பிளவா, 5 மில்லிமீட்டருக்குள்ள கல்லு மேலயும் மணல் மேலயும் திட்டு திட்டா தெரிஞ்சா அது ரெட் பிளானேரியா. மருந்து போட்டு மொத்தமா கொன்னா செத்த உடம்புலருந்து விஷம் வந்து மீனும் சேந்து போயிடும், அதனால முதல்ல ட்யூப் வச்சு எவ்வளவு முடியுமோ அவ்வளவும் உறிஞ்சி எடுத்துட்டு, புது கார்பனும் (விஷத்த உறிஞ்சுற கரி) மாத்துறதுக்கு உப்புத்தண்ணியும் தயாரா வச்சுக்கிட்டு அப்புறம் மருந்து போடுங்க. அக்ரோபோரா கோரல திங்கிற தட்டைப்புழு கோரல் கலர்லயே இருக்கும், கண்ணுக்கு படாது, வட்ட வட்டமா வெளிறின கடி தடம் இருக்கான்னுதான் பாக்கணும்.

வெந்நீர் விஷயம். கல்லுல ஜோவாந்தஸோ அதே மாதிரி இருக்கிற பாலிதோவாவோ ஒட்டிக்கிட்டு வந்திருந்தா அதுல பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கலாம், கல்ல கொதிக்க வச்சாலோ வெந்நீர் ஊத்தினாலோ ஆவியோட சேந்து மூச்சுல போகும். அமெரிக்காவுல அலாஸ்காவுல 2012லருந்து 2014 வரைக்கும் வீட்லயும் கடைலயும் இப்படி ஆளுங்க பாதிக்கப்பட்டதா அந்த நாட்டு சிடிசி (நோய் கட்டுப்பாட்டு மையம்) பதிவு பண்ணிருக்கு. தேய்க்கிறதா இருந்தாலும் கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ளயே வச்சு தேய்ங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். ராமேஸ்வரம் பக்கம் கல்லு எடுத்துட்டு வரலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க. மன்னார் வளைகுடா தீவுகள் 1986லருந்து கடல்சார் தேசியப் பூங்கா, பவளம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, அங்க ஒரு துண்டு கூட எடுக்க கூடாது. ட்ரை ராக் (உயிர் எதுவும் இல்லாத காஞ்ச கல்லு) போட்டு ஆரம்பிச்சீங்கன்னா ஒட்டிக்கிட்டு வர்ற தொல்லையே பாதிக்கு மேல கொறைஞ்சிடும், ப்ராக்ல வர்றது மட்டும்தான் மிச்சம்.

அந்த ப்ராக்கையும் அப்படியே டேங்க்ல போட்டுடாதீங்க. வெள்ளை கிண்ணத்துல டேங்க் தண்ணிய ஊத்தி டிப் (ஒட்டிக்கிட்டு வந்தத உதிர வைக்கிற மருந்து) கலந்து, பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் வச்சு, சிரிஞ்சால நாலு பக்கமும் பீச்சுங்க. வெள்ளை அடில என்ன உதிருதுன்னு டார்ச் அடிச்சு பாருங்க, ஜோவாந்தஸ் திங்கிற நியூடிபிராங்க் பாலிப் கலர்லயே இருக்கும், உதிர்ந்து நெளியும்போதுதான் தெரியும். சதுரங்கப் பலகை கட்டம் மாதிரி டிசைன் ஓட்டுல இருந்தா அது சன்டயல் நத்தை, அதுவும் ஜோவாந்தஸ்தான் திங்கும். டிப் முட்டைய கொல்லாது, அதனால ப்ராக்கோட அடி பிளக்க வெட்டி வீசிட்டு புது பிளக்ல ஒட்டுங்க, பாலிப்புக்கு அடியில சுருள் சுருளா வெள்ளையா ஏதாவது இருந்தா ஊசியால சுரண்டுங்க, தனி தொட்டில வச்சு வாரத்துக்கு ஒரு தடவை திரும்ப டிப் பண்ணி, தொடர்ந்து ரெண்டு மூணு தடவை கிண்ணத்துல எதுவும் உதிரலன்னா மெயின் டேங்குக்கு மாத்துங்க.