ரூட் 66 போகிறீர்களா? போன் காட்டும் வழியில் போகாதீர்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில் பழைய ரூட் 66 நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டிப் பார்க்க ஆசை என்றால், மேப்பில் வெறுமனே கிங்மன் என்று ஊர்ப் பெயரைப் போட்டுவிடாதீர்கள், 1985-லேயே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட சாலை இது, போன் உங்களை நேராக ஐ-40 என்ற விரைவுச்சாலையில் ஏற்றிவிடும். செலிக்மன், பீச் ஸ்பிரிங்ஸ், ஹேக்பெரி என்று ஒவ்வொரு ஊராகப் போட்டுக்கொண்டே போங்கள். செலிக்மனிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

கிங்மனைத் தாண்டி ஓட்மன் போகும் மலைப்பாதை குறுகல், கொண்டை ஊசி வளைவு வேறு, பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது, அதனால் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அப்புறம் ஓட்மன் கழுதைகள். அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வாரிசுகள், நடுரோட்டில் நின்றுகொண்டு ஜன்னலுக்குள் மூக்கை நீட்டும். ஹாரன் அடித்துப் பயனில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள்.